ரக்பி ஆடும் பையனுக்கு 2 மாத விடுமுறை: உடல்தகுதி எவ்வளவு இறங்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு 16 வயது, ரக்பியில் ஃப்ளாங்கர் என்ற இடத்தில் ஆடுகிறான், சீசன் முடிந்து 8 வாரம் விடுமுறை. அதில் 3 வாரம் தூக்கத்திலும் போனிலும் கழிந்துவிட்டது. போன வாரம் சும்மா ஓடிப் பார்த்தவன் பாதியிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான், "ஒரு வருஷம் பட்ட பாடெல்லாம் போச்சா?" என்று கேட்கிறீர்கள். எவ்வளவு போயிருக்கும் என்பது மேலே தெரியும் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்: நாளைக் காலையே அவனை எழுப்பி மைதானத்துக்குத் துரத்துவதா, இல்லை பையன் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் இந்த இரண்டையும்விடப் பெரிய விஷயம், விடுமுறை முடிந்து அணிக்குத் திரும்பும் முதல் 3 வாரம். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

நான் மருத்துவர் கிடையாது. 14 முதல் 19 வயது வரையிலான ரக்பி அணிகளுக்கு உடற்பயிற்சிக் கோச்சாகப் பல வருடம் இருந்திருக்கிறேன், இந்தத் துறையைப் படித்தும் இருக்கிறேன், அவ்வளவுதான். உங்கள் பையனை நான் பார்த்ததில்லை, ஆகவே அவனுக்கு ஏதாவது வலி, பழைய காயம், தலையில் அடி என்று இருந்தால் கீழே எழுதியிருப்பதைத் தள்ளிவைத்துவிட்டு அவனை நேரில் பார்ப்பவரிடம் போங்கள்.

சரி, முதலில் போவது எது? தம். மூச்சு. இதில் பெரிய சந்தேகமே கிடையாது, 40 வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். உடம்பு ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை விஓ2 மேக்ஸ் என்று அளப்பார்கள். 1984-இல் எட்வர்ட் காயில் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களும் சைக்கிள் வீரர்களும் பயிற்சியை 84 நாள் அடியோடு நிறுத்தினார்கள். முதல் 2, 3 வாரத்திலேயே அந்த அளவு சுமார் 7% இறங்கியது, 8 வாரத்தில் 16%, அதற்குப் பிறகு பெரிதாக இறங்காமல் நின்றுவிட்டது. முதலில் இவ்வளவு வேகமாக இறங்குவதற்குக் காரணம் தசையில் இல்லை, ரத்தத்தில். தொடர்ந்து ஓடுபவருக்கு ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடியிருக்கும். ஓட்டத்தை நிறுத்தினால், இனி இது எதற்கு என்று உடம்பு அதைக் குறைத்துவிடும். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறையும், அதே வேகத்தில் ஓட அதிகத் துடிப்பு தேவைப்படும், பையன் இடுப்பில் கை வைத்து நிற்பான். தசைக்குள் ஆக்சிஜனை எரிக்கும் நொதிகளும் கூடவே இறங்கத் தொடங்கும், அது கொஞ்சம் மெதுவாக. ஆனால் வருடக்கணக்கில் ஓடி ஓடித் தசையைச் சுற்றி வளர்ந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்த 84 நாளிலும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அதாவது ஓடும் தண்ணீர் குறைந்தது, வாய்க்கால் தூர்ந்துபோகவில்லை. பிளாஸ்மா வேகமாகப் போவது போலவே வேகமாகத் திரும்பியும் வரும், பயிற்சி தொடங்கிய ஓரிரண்டு வாரத்தில். உங்கள் மகன் போன வாரம் பட்ட பாட்டில் பெரும்பகுதி இதுதான், அதை வைத்து ஒரு வருட உழைப்பை எடைபோடாதீர்கள்.

ரக்பியில் இந்த இறக்கம் எங்கே தெரியும் என்று கேட்டால், நேராக ஓடும்போது இல்லை. ஃப்ளாங்கர் ஒரு டேக்கிள் அடிக்க வேண்டும், அதாவது பந்தோடு வருபவனைப் பிடித்து வீழ்த்த வேண்டும், விழுந்த இடத்திலிருந்து எழ வேண்டும், தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டித் தள்ளும் ரக்கில் தலையைக் கொடுக்க வேண்டும், பந்து வெளியே போனதும் அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும், இதெல்லாம் 30, 40 விநாடிக்குள். ஒரு தடவை செய்ய எல்லோராலும் முடியும். நாலாவது தடவை எழும்போது எடுத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே, அங்கேதான் தம் குறைந்தவன் பிடிபடுவான். எழுந்தவன் களைப்பில் தலையைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு அடுத்த டேக்கிளுக்குப் போவான். அதனால் தம் குறைந்தால் ஆட்டம் மட்டும் மந்தமாவதில்லை, அடிபடும் வாய்ப்பும் கூடுகிறது.

பலம் அப்படிப் போகாது. பெற்றோரும் பையன்களும் இதில்தான் வீணாகப் பயப்படுகிறார்கள். 2 வாரம் ஜிம் பக்கமே போகாவிட்டால் ஸ்குவாட்டிலும் (எடையோடு உட்கார்ந்து எழுவது) பெஞ்ச் பிரஸ்ஸிலும் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது) கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி எதுவும் குறைவதில்லை, இது எடை தூக்கும் வீரர்களிடம் அளந்து பார்த்தது. ரக்பி, அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் 3 வாரம் வரை பலம் நிற்கிறது, 5 வாரத்தைத் தாண்டினால் இறங்குகிறது என்றே சொல்கிறார்கள். கண்ணாடியில் தோள் சிறுத்துப் போனதுபோலத் தெரியும், அதில் ஒரு பங்கு தசைக்குள் சேமித்திருந்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தும் அதோடு ஒட்டிய தண்ணீரும் குறைந்ததால். திரும்பப் பயிற்சி தொடங்கினால் அது சில நாளில் நிரம்பிவிடும்.

ஆனால் பலம் என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. எடையைத் தூக்கும் பலம் வேறு, தசை நீண்டுகொண்டே போகும்போது பிடித்து நிறுத்தும் பலம் வேறு. முழு வேகத்தில் ஓடுபவனின் கால் தரையைத் தொடுவதற்கு முன்னால் தொடையின் பின்தசை, நாம் ஹாம்ஸ்ட்ரிங் என்று சொல்வது, இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது. சற்று முன் சொன்ன அந்த 2 வார ஆய்விலேயே தூக்கும் பலம் அப்படியே இருக்க, இந்தப் பிடித்து நிறுத்தும் பலம் 12% இறங்கியிருந்தது, அங்கே அளந்தது முன்தொடைத் தசையில் என்றாலும். நார்டிக் பயிற்சி என்று முழங்காலில் நின்று மெதுவாக முன்பக்கம் சாயும் பயிற்சி ஒன்று உண்டு, பையனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், அதைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பான். அந்த மாதிரிப் பயிற்சியால் நீளமான ஹாம்ஸ்ட்ரிங் இழைகள், அதை விட்ட 4 வாரத்தில் பழைய நீளத்துக்கே சுருங்கிவிடுவதையும் அளந்திருக்கிறார்கள். ஜிம்மில் ஸ்குவாட் போட்டுப் பார்த்து "எனக்கு ஒன்றும் குறையவில்லை" என்று நம்பும் பையன், முதல் நாள் முழு வேகத்தில் ஓடி பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

இதுவரை சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இந்த எண்களில் பெரும்பாலானவை வளர்ந்த ஆட்களிடம் எடுத்தவை. 14, 15, 16 வயதுப் பையன் சும்மா இருந்தாலும் அவன் உடம்பு சும்மா இருப்பதில்லை. பையன்களுக்கு உயரம் வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும், பெண்களுக்கு 12. சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே. உயரம் பாய்ந்த பிறகு சில மாதம் கழித்துத்தான் எடையும் பலமும் பாயும். ஆக விடுமுறையில் ஒன்றுமே செய்யாத ஒரு பையன் 8 வாரம் கழித்து இன்னும் பலமாகத் திரும்பி வரலாம், நான் பார்த்திருக்கிறேன், உழைத்த பையன்களுக்கு எரிச்சலாக இருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: இரண்டு கிலோ கூடி, கால் நீண்டு, ஓட்டமே கோணலாகி, பழைய நேரத்தில் ஓட முடியாமல் திணறுவான். அது பயிற்சி விட்டதாலா வளர்ந்ததாலா என்று ஒரே ஒரு சோதனையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கோச், பிராங்கோ என்ற ஓட்டச் சோதனையை வைப்பார் என்றால், அதாவது 20, 40, 60 மீட்டர் போய்த் திரும்புவதை 5 தடவை, மொத்தம் 1200 மீட்டர், அந்த நேரத்தோடு அன்றைய எடையையும் உயரத்தையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எடை கூடியவனுக்கு 10 விநாடி அதிகமானால் அதைச் சோம்பல் என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொன்று, இந்த ஓய்வு அவனுக்குத் தேவைதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், ஒரே விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள் வருடத்தில் மொத்தம் 3 மாதமாவது, ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டை விட்டு விலகியிருக்கட்டும் என்கிறது. சீசன் முழுக்கத் தோளிலும் கழுத்திலும் வாங்கிய அடி ஆற வேண்டும், முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும் வயது இது, அதுவும் அடங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தின் மேல் திரும்ப ஆசை வர வேண்டும். 16 வயதில் ரக்பியை விட்டுவிட்ட பையன்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். அவர்களில் தம் போனதால் விட்டவன் ஒருவன்கூட இல்லை, சலித்துப்போய் விட்டவர்களே அதிகம். அதனால் போன 3 வாரத்தைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அது வீணான 3 வாரம் இல்லை.

மீதி 5 வாரம்? இங்கேதான் நல்ல செய்தி. ஏறுவதற்கு நிறைய வேலை வேண்டும், ஏறிய இடத்தில் நிற்கக் கொஞ்சம் போதும். ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980-களில் இதைப் பிரித்துப் பிரித்துச் சோதித்தார்: வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் பயிற்சி செய்தவர்களை அடுத்த 15 வாரத்துக்குக் குறைக்கச் சொன்னார். 6 நாளை 2 நாளாகக் குறைத்தவர்களுக்கு விஓ2 மேக்ஸ் நின்றது. 40 நிமிடத்தை 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும் நின்றது. நாளையும் நேரத்தையும் தொடாமல் தீவிரத்தைக் குறைத்தவர்களுக்குத்தான் இறங்கியது. நாலு நாள் மெல்லோட்டம் ஓடி வியர்த்துவிட்டு வருவதைவிட, இரண்டு நாள் 15 நிமிடம் நாக்குத் தள்ள ஓடுவது இந்த விஷயத்தில் மேல். எடைப் பயிற்சியிலும் இதே கதைதான். வாரம் 3 நாள் செய்து வளர்த்த தசையை வாரம் ஒரே நாளில் மாதக்கணக்கில் காப்பாற்ற முடிகிறது என்று இளைஞர்களிடம் பார்த்திருக்கிறார்கள், எடையைக் குறைக்காத வரைக்கும்.

நான் கோச்சாக ஆரம்பித்த காலத்தில் விடுமுறைக்கு முன்னால் வாரம் 5 நாள் அட்டவணை ஒன்று அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுப்பேன், கட்டம் கட்டமாக, அழகாக இருக்கும். 8 வாரம் கழித்து அது பையின் அடியில் மடித்தது மடித்தபடி திரும்பி வரும். பிறகு வாரம் 2 நாள் என்று குறைத்தேன், பாதிப் பேருக்கு மேல் செய்தார்கள். உங்கள் மகனுக்கு நான் சொல்வதும் அதுதான். ஒரு நாள் கால்களுக்கு: நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 20, 30 மீட்டர் ஓட்டம் 5, 6 தடவை, முதல் வாரம் முக்கால் வேகத்தில், அப்புறம் வாரத்துக்கு வாரம் கூட்டி மூன்றாவது வாரத்தில் முழு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும், நடுவில் மூச்சு முழுவதும் அடங்கும் வரை நிற்கலாம், இது தம்முக்கான வேலை கிடையாது, தசைக்கு வேகத்தை ஞாபகப்படுத்துவது. பிறகு நார்டிக், 2 சுற்று, சுற்றுக்கு 4, 5 போதும். ஸ்குவாட் அல்லது ஒற்றைக்கால் ஸ்குவாட், புஷ்-அப், புல்-அப். 45 நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னொரு நாள் தம்முக்கு: 15 விநாடி வேகமாக ஓட்டம், 15 விநாடி நடை, இப்படி 6 நிமிடம், 3 நிமிட இடைவெளி, மறுபடி 6 நிமிடம். அதில் சில சுற்றுக்கு மட்டும் தரையில் குப்புறப் படுத்து எழுந்து ஓடட்டும், எழுந்து ஓடுவதுதான் அவன் வேலை என்பதால். மற்ற நாளில் நீச்சலோ கூடைப்பந்தோ நண்பர்களோடு எதுவோ, பிடித்ததை ஆடட்டும், அதைப் பயிற்சி என்று பெயர் வைத்துக் கெடுத்துவிடாதீர்கள். கடைசி 2 வாரத்தில் மட்டும் தம் நாளை இரண்டாக்கலாம்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம், அணிக்குத் திரும்பும் முதல் 3 வாரம். என் கையாலேயே நடந்த தப்பை வைத்துச் சொல்கிறேன். ஒரு வருடம், விடுமுறை முடிந்த முதல் நாளே எல்லோரையும் பிராங்கோ ஓடவைத்தேன், "யார் ஏமாற்றினார்கள் என்று பார்ப்போம்" என்ற எண்ணம்தான், வேறென்ன. மறுநாள் முழு வேக ஓட்டம், அதற்கு மறுநாள் டேக்கிள் பயிற்சி. அந்த வாரத்துக்குள் மூன்று பேருக்குப் பின்தொடைத் தசையில் காயம், அதில் ஒருவன் விடுமுறையில் ஒழுங்காக ஓடியவன், ஆனால் மெல்லோட்டம் மட்டுமே ஓடியவன். விடுமுறையில் இழந்ததைவிட, இழந்ததை ஒரே வாரத்தில் பிடுங்கிவிட வேண்டும் என்ற என் அவசரம்தான் அவர்களுக்கு அதிக வாரங்களைத் தின்றது. இன்றைக்கு நான் முதல் வாரத்தில் வழக்கமான வேலையில் பாதிதான் கொடுப்பேன், சோதனை எல்லாம் இரண்டாவது வாரக் கடைசியில்.

இதில் நீங்கள் வீட்டிலிருந்தே கவனிக்கக்கூடியவை உண்டு. முதல் நாட்களில் தண்டனையாக நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் போடவைத்தார்கள் என்று பையன் சொன்னால், மறுநாள் தசை வீங்கி, கையைக் காலை மடக்க முடியாமல், சிறுநீர் கரும்பழுப்பு நிறத்தில் போனால், அதைச் சாதாரண உடம்புவலி என்று விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் இளம் ஆட்டக்காரர்களுக்கு இது நடந்திருக்கிறது. வெயிலும் அப்படித்தான்: வெப்பத்துக்குப் பழகிய உடம்பு 3, 4 வாரம் வெயிலில் உழைக்காமல் இருந்தால் அந்தப் பழக்கத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும். திரும்பப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். முதல் நாளே உச்சி வெயிலில் முழுப் பயிற்சி என்றால் கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள்.

டேக்கிள் தனிக் கதை. 8 வாரம் யாரையும் இடிக்காத தோளும் கழுத்தும் இடிக்கும் நேரக் கணக்கை மறந்திருக்கும், ஜிம்மில் எவ்வளவு தூக்கினாலும் இது வராது. முதலில் முழங்காலில் நின்றபடி, பிறகு நடந்து, பிறகு மெல்ல ஓடி, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதைச் சரிபார்த்துக்கொண்டே ஏற வேண்டும். வேர்ல்ட் ரக்பியின் ஆக்டிவேட் என்ற 20 நிமிட வார்ம்-அப் திட்டத்தை உங்கள் அணி செய்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், கழுத்துப் பயிற்சி, சமநிலை, தாவி இறங்குவது எல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்துப் பள்ளிகளில் 14 முதல் 18 வயதுப் பையன்களிடம் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். வாரம் 3 தடவை விடாமல் செய்த அணிகளில் ஆட்டக் காயம் 72% குறைவு, தலை அதிர்ச்சி 59% குறைவு. விடாமல் செய்தவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்கானவர்களாக இருந்திருக்கலாம், அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பி ஏமாற வேண்டாம். ஆனாலும் 20 நிமிடத்துக்கு இது மோசமான பேரம் இல்லை.

கடைசியாக, துரத்துவதா விடுவதா. துரத்தாதீர்கள். இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, அந்த 2 நாள் எந்தெந்தக் கிழமை என்பதை மட்டும் அவனையே சொல்லச் சொல்லுங்கள். தனியாக ஓடப் பிடிக்கவில்லை என்றால் அணியில் ஒரு நண்பனைச் சேர்த்துக்கொள்ளட்டும், என் அனுபவத்தில் அட்டவணையைவிட அதுதான் வேலை செய்தது. முதல் தடவை அந்த 6 நிமிடத்தை முடிக்க முடியாமல் நாலாவது நிமிடத்தில் நின்றுவிடுவான், அதில் ஒன்றும் தப்பில்லை, நாலோடு நிறுத்திவிட்டு அடுத்த வாரம் ஐந்து. முழங்காலுக்குக் கீழே அந்த எலும்புப் புடைப்பு வலித்தால் அன்றைக்குத் தாவுவதையும் வேக ஓட்டத்தையும் விட்டுவிட்டு நீச்சலுக்குப் போகலாம், வலி ஒரு வாரத்துக்கு மேல் நின்றாலோ நொண்டினாலோ பிசியோவிடம் காட்டுங்கள்.